கோடைக்கு முன் குளிரூட்டி

ஒரத்தநாட்டுப் பகுதியில் தைத்திங்களில் சம்பா அறுவடை மும்முரமாய் நடைபெறும். பங்குனியில் வெயில் ஏறும்; சித்திரையின் பிற்பகுதியிற் கத்திரி புகும். பண்டு இவ்வெப்பத்தைத் தணித்தவை தடித்த சுவரும் நடுமுற்றமும் ஆம். சரபோஜி மன்னர் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இவ்வமைப்பிற்கு இவ்வூரிலேயே சான்றாக உளது. இக்காலத்துக் கான்கிரீட் தளங்களோ பகலில் ஏற்ற வெப்பத்தை இரவிலும் உமிழ்கின்றன. ஆதலின், முதியோரும் நோயாளரும் உள்ள எளிய குடும்பத்தாரும் தவணைப் பணங் கட்டியேனும் குளிரூட்டி வாங்குகின்றனர். அங்ஙனம் வாங்கிய கருவி கத்திரி நாளில் நின்றுவிடின் அவர் படுந் துயர் பெரிது. ஆகவே, அதனைப் பங்குனியிலேயே செப்பஞ்செய்யும் வகையை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். மண்பானையிற் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லுமன்றோ? அதுபோன்றே, குளிரூட்டியின் உட்பெட்டிக் குழாயில் ஓடும் திரவம் வாயுவாகி அறையின் வெப்பத்தைக் கவர்கின்றது. வெளிப்பெட்டியிலுள்ள கம்ப்ரஸர் அவ்வாயுவை நெருக்க, அது வெப்பத்தைப் புறத்தே விட்டு மீண்டும் திரவமாகின்றது. எனவே, குளிரூட்டி செய்வது வெப்பத்தை உள்ளிருந்து வாரிப் புறத்தே கொட்டுதலே. உள்ளும் புறம்பும் காற்றின் வழி அடைபடாமற் காப்பதே நாம் செய்யும் பணியனைத்தின் சாரம்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உட்பெட்டியின் பில்டரைக் கழற்றித் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுக. கோடை முழுதும் இரு கிழமைக்கு ஒருமுறை இங்ஙனஞ் செய்தல் நன்று. வெளிப்பெட்டியில், அறுவடை நாட்களிற் பறந்த பதரும் வைக்கோல் தூசும் படிந்திருக்கும். குளவிக் கூடும் இருத்தல் கூடும். மெல்லிய தகடுகள் வளையாவண்ணம் தூரிகையால் துடைத்து, வேகமின்றி நீர் தெளித்துக் கழுவுக. மூடியைத் திறத்தல் ஆகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கி உயிருக்கு ஊறு செய்தல் கூடும். எலி கடித்த கம்பியை மாற்றுதல், எர்த் இணைப்பைச் சோதித்தல் ஆகியன பயின்ற மெக்கானிக்கின் பணிகள். மின்னழுத்தம் அடிக்கடி தாழும் ஊர்களில், கருவிக்கேற்ற ஸ்டெபிலைசர் உண்டா என்பதையும் அவரிடம் கேட்டறிக.

அடுத்தது நீர் வடியுங் குழாய். 1902ஆம் ஆண்டில் அமெரிக்கரான வில்லிஸ் காரியர், புரூக்ளினில் இருந்த ஓர் அச்சுக்கூடத்தின் காகிதம் ஈரத்தாற் சுருங்கியும் விரிந்தும் போவதைத் தடுக்கவே இவ்வமைப்பை வகுத்தார். காற்றின் ஈரத்தை நீராக்கி வடித்தல் இக்கருவியின் பிறவிக்குணம் என்னலாம். குழாயிற் பாசி அடைத்தால் அந்நீர் சுவரில் ஒழுகும். ஆதலின், அது தடையின்றி வடிகின்றதா என நோக்குக.

ஆண்டுதோறும் கேஸ் நிரப்பவேண்டும் என்று சொல்வாரும் உளர். கேஸ் என்பது விளக்கெண்ணெய்போல் எரிந்து தீரும் பொருளன்று. மூடிய குழாயில் ஓயாது சுற்றிவருவது. கசிந்தாலன்றி அது குறையாது. குறைந்தது மெய்யாயின், கசியும் இடத்தைக் கண்டு அடைத்த பின்னரே நிரப்புதல் முறை. இதனை அறியாதார் வருடந்தோறும் வீண்செலவு செய்கின்றனர். புதிய கருவிகள் பலவற்றிலுள்ள ஆர்-32 என்பது ஓரளவு தீப்பற்றும் இயல்பினது. பழக்கமில்லாதார் அதனைத் தொடலாகாது.

இந்தியாவில் நட்சத்திரக் குறியுடன் விற்கப்பெறும் குளிரூட்டிகள் 24 பாகையில் இயங்கத் தொடங்குமாறு அமைதல் வேண்டுமென்னும் விதி 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மின்விசிறியையும் உடன் சுழலவிட்டால் அவ்வளவே பெரும்பாலோர்க்குப் போதும். அதனினும் குறைக்குந்தோறும் மின்கட்டணம் ஏறும்.

இறுதியாக ஒன்று. நம் அறையினின்றும் வாரிய வெப்பம் அழிந்துபோவதன்று. வெளிப்பெட்டி அதனைத் தெருவிலோ அயலார் சன்னலிலோ வீசுகின்றது. குளிரூட்டி வாங்க இயலாத அயலார் அச்சன்னலைத் திறந்துவைத்தே உறங்குகின்றனர். துப்புரவு செய்ய மெக்கானிக் வரும் நாளிலேயே, அப்பெட்டி எத்திசை நோக்கியிருக்கின்றதெனப் பார்த்து, வேண்டின் அதனை இடம் மாற்றி வைக்கச் செய்வோமாக.