குழந்தை பேர் ரேஷன் கார்டில் இருக்கா? ரூ.5 லட்சம் காப்பீடு பெற இதை முதல்ல பாருங்க!

கள்ளக்குறிச்சி:

குழந்தைக்கு ஆபரேஷன் செய்யணும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பலர் காப்பீட்டு அட்டையைத் தேடுகிறார்கள். தாய் குழந்தையோடு ஆஸ்பத்திரியில் காத்துக்கிடக்க, தகப்பன் வருமான சான்றிதழ் வாங்க ஊருக்கு பஸ் ஏறுகிறார். கல்வராயன்மலை மக்களுக்கு இந்த அலைச்சல் இரண்டு மடங்கு. கச்சிராயப்பாளையம் வழியாக மலை ஏறி இறங்குவதற்குள் பொழுது போய்விடும்.

இதெல்லாம் முன்கூட்டியே முடிக்கக்கூடிய வேலை. பெரிய செலவும் இல்லை.

என்ன திட்டம்?

2009-ல் கலைஞர் காப்பீட்டு திட்டம் தொடங்கப்பட்டது. 2012 ஜனவரி 11-ந்தேதி முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்டம் வந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதோடு இணைந்தது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். பிரீமியத்தை அரசே கட்டிவிடுகிறது. மக்கள் ஒரு பைசா கூட கட்ட வேண்டாம்.

யார் சேரலாம்?

ஆண்டு வருமானம் ரூ.1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். முன்பு இது ரூ.72 ஆயிரமாக இருந்தது. அப்போது முடியாது என்று திரும்பி வந்தவர்கள் மறுபடியும் விண்ணப்பிக்கலாம். பெற்றோரை நம்பி இருக்கும் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் வரை, அல்லது கல்யாணம் ஆகும் வரை, அல்லது 25 வயது வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை பாதுகாப்பு உண்டு. இல்லங்களில் வளரும் ஆதரவற்ற குழந்தைகளும் இதில் வருவார்கள்.

எதுக்கெல்லாம் கிடைக்கும்?

இருதய ஓட்டை ஆபரேஷன், புற்றுநோய், சிறுநீரக கோளாறு போன்ற பெரிய செலவு வைக்கும் சிகிச்சைகள் இதில் அடங்கும். காது கேளாமல் பிறந்த குழந்தைக்கு காக்ளியர் கருவி பொருத்தும் ஆபரேஷனும் உண்டு. ஆனால் 6 வயதுக்குள் செய்தாக வேண்டும். கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை என்றால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடக்கூடாது.

சளி, காய்ச்சலுக்கு சீட்டு வாங்கி மருந்து எழுதிக்கொண்டு வருவதற்கு இந்த அட்டை செல்லாது. அதுக்கு அரசு ஆஸ்பத்திரி எப்போதும் இலவசம்தான்.

சிக்கல் எங்கே?

ரேஷன் கார்டில்தான்! குடும்பத்தில் யார் யார் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அப்பா, அம்மா பேர் இருக்கும். கடைசி குழந்தை பேர் இருக்காது. மலையில் இருந்து கேரளா, கர்நாடகா தோட்ட வேலைக்கு மாதக்கணக்கில் போய்விடும் குடும்பங்களில் இந்த வேலை தள்ளிக்கொண்டே போகும்.

என்ன செய்யணும்?

* குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பை பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது.

* குழந்தைக்கு ஆதார் எடுங்கள். 5 வயது வரை கைரேகை தேவையில்லை.

* இ-சேவை மையத்திலோ, தாலுகா வழங்கல் அலுவலகத்திலோ ரேஷன் கார்டில் பேர் சேருங்கள். மலை மக்களுக்கு தாலுகா ஆபீஸ் வெள்ளிமலையில் இருக்கிறது.

* வருமான சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு போங்கள்.

வீடு தேடி வரும் டாக்டர்கள்

நோய் இருப்பதே தெரியாவிட்டால் அட்டை இருந்தும் பலன் இல்லை. தேசிய சிறார் நலத்திட்டம் 2013-ல் தொடங்கியது. இதில் அங்கன்வாடிக்கும் அரசு பள்ளிக்கும் மருத்துவக்குழு வந்து பிறவிக்குறை, சத்துக்குறைவு, வளர்ச்சி குறைபாடு உள்ளதா என்று 18 வயது வரை பரிசோதிக்கிறது. குழு வரும் நாளில் குழந்தையை வீட்டில் நிறுத்தாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு சீட்டு எழுதிக்கொடுத்தால் தட்டாமல் போங்கள். 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக்கல்லூரி திறக்கப்பட்ட பிறகு, எல்லாத்துக்கும் முண்டியம்பாக்கம், சேலம் என்று ஓட வேண்டிய நிலை குறைந்திருக்கிறது.

பணம் கேட்டால்?

திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும், அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு தனியாக பணம் வாங்கக்கூடாது. அட்மிஷன் போடும்போதே அட்டையை காட்டிவிட வேண்டும். பணம் கேட்டாலோ, சந்தேகம் இருந்தாலோ 1800 425 3993 என்ற எண்ணுக்கு இலவசமாக பேசலாம்.

சாலை விபத்தில் அடிபட்டால் கதை வேறு. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு காப்பீட்டு அட்டையே தேவையில்லை. 108-க்கு போன் செய்தால் போதும்.

மற்ற நோய்களுக்கு அட்டை கட்டாயம். அதனால இன்னைக்கு ராத்திரியே ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்க. வீட்டில் எத்தனை பிள்ளைகளோ, கார்டிலும் அத்தனை பேர் இருக்கணும்.