கதிரவனின் மகுடமும் காற்றுத் திரையும்

2010ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாள், மாட்டுப் பொங்கலன்று, குமரிமுனையில் கங்கண சூரிய கிரகணம் தோன்றியது. நிலவு கதிரவனின் நடுவை மறைத்து, சுற்றிலும் ஓர் ஒளி வளையத்தை மட்டும் விட்டு நின்றது. விடுமுறை நாளாயினும் என் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குச் சென்றிருந்தேன். தக்க கண்ணாடி அணிந்து எல்லோரும் பார்த்தோம். முழுக் கிரகணத்தின்போது கதிரவனைச் சுற்றி முத்தின் நிறத்தில் ஓர் ஒளி மகுடம் தோன்றும் என்றும், அதற்குக் கரோனா என்று பெயர் என்றும், இன்று அது தெரியாது என்றும் விளக்கினேன். அப்போது எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், "சார், மிச்சமிருக்கும் வளையத்தையும் கையால் மறைத்துக்கொண்டால் மகுடம் தெரியாதா?" என்று கேட்டான். உடன் நின்ற பிள்ளைகள் நகைத்தனர்; நானும் நகைத்துவிட்டேன். அவன் அதற்குப் பின் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வினா நகைப்புக்கு உரியது அன்று என்பதை எடுத்துக்காட்டுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

கையால் மறைத்தால் மகுடம் ஏன் தெரிவதில்லை? கரோனாவின் ஒளி, கதிரவ வட்டத்தின் ஒளியில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கே ஆகும். வட்டத்தை நாம் மறைத்தாலும், கையைச் சுற்றியுள்ள வானம் ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. காற்றின் நுண்கூறுகளும் அதிலுள்ள தூசியும் வெயிலை நாற்புறமும் சிதறடிப்பதே அதற்குக் காரணம். அந்த வெளிச்சத்தில் மகுடம் மூழ்கிவிடுகிறது. முழுக் கிரகணத்திலோ, நிலவு காற்றுக்கு அப்பால் நின்று மறைக்கிறது. அதன் நிழல் நம் தலைக்கு மேலுள்ள காற்றின் மீதும் விழுவதால் வானமே இருள்கிறது, மகுடம் வெளிப்படுகிறது. ஆகவே மறைக்கும் பொருள் காற்றுக்கு வெளியே இருத்தல் வேண்டும். அச்சிறுவனின் கை காற்றுக்கு உள்ளே இருந்தது, பிழை அவ்வளவே.

காற்று நம் பார்வையை வேறு வகையிலும் மயக்குகிறது. ஓர் உருளியின் அடியில் காசு ஒன்றை இட்டு, அது விளிம்பில் மறையும் அளவுக்குப் பின்வாங்கி நில்லுங்கள். பிறகு ஒருவர் அதில் நீர் ஊற்றினால், மறைந்த காசு மேலெழுந்தது போலத் தோன்றும். நீர் ஒளியை வளைப்பதுபோலக் காற்றும் வளைக்கிறது. அடிவானத்தில் இவ்வளைவு அரைப் பாகைக்குச் சற்று மிகுதி. கதிரவனின் தோற்ற அகலமோ ஏறக்குறைய அரைப் பாகையே. ஆதலின், குமரிக் கடலைக் கதிரவனின் கீழ் விளிம்பு தொடுவதாக நாம் காணும்போதே, உண்மையில் அவன் முழுவதும் அடிவானத்தின் கீழ் இறங்கிவிட்டான். நாம் காண்பது காற்று தூக்கிக் காட்டும் தோற்றம்.

காற்று முற்றிலும் தடுத்துவிடும் கதிர்களும் உண்டு. புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதியும், எக்ஸ் கதிர்களும் தரையை வந்தடைவதில்லை. உயிர்கள் பிழைத்திருப்பது அதனாலேதான். எனினும் வானியலாருக்கு அது மூடிய கதவு. அக்கதவுக்கு வெளியே சென்று விண்மீன்களை ஆராயவே, 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் அஸ்ட்ரோசாட் என்னும் இந்திய விண் ஆய்வுக்கூடம் ஏவப்பட்டது.

இனிச் சிறுவனின் வினாவுக்குத் திரும்புவோம். பிரெஞ்சு வானியலார் பெர்னார்டு லியோ என்பவர், 1930ஆம் ஆண்டையொட்டி, தொலைநோக்கியினுள் சிறு தட்டு ஒன்றை வைத்துக் கதிரவ வட்டத்தை மறைக்கும் கருவியை அமைத்தார். கிரகணம் இல்லாத நாளிலேயே மகுடத்தைக் கண்டவர் அவர். ஆயினும் அதற்காக அவர் பிரனீசு மலைத்தொடரில் 2,800 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்துக்கு ஏற வேண்டியிருந்தது. அங்கும் மகுடத்தின் ஒளி மிக்க உட்பகுதியே தென்பட்டது.

நம் நாட்டில் கதிரவ ஆய்வுக்கு 1899ஆம் ஆண்டு கொடைக்கானலில் ஆய்வுக்கூடம் அமைந்தது. கதிரவப் புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிப் பாய்வதை 1909ஆம் ஆண்டு எவர்ஷெட் அங்குதான் கண்டறிந்தார். அக்கூடத்தை இன்று நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே, மகுடத்தைப் படமெடுக்கும் பெரிய கருவியை ஆதித்யா எல்-1 விண்கலத்துக்கு அமைத்தளித்தது. வட்டத்தின் ஒளியைக் கருவியினுள்ளேயே விலக்கிவிட்டு, மகுடத்தின் ஒளியை மட்டும் அது ஏற்கிறது. சிறுவன் கேட்ட கை, இறுதியில் காற்றுக்கு வெளியே சென்றுவிட்டது!

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட அவ்விண்கலத்தின் திட்ட இயக்குநர், செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி அம்மையார். அத்தகைய ஏவூர்திகளின் திரவ எரிபொருள் எஞ்சின்கள், ஆரல்வாய்மொழிப் பக்கம் நின்றால் நாம் காணும் மகேந்திரகிரியில் சோதிக்கப்படுகின்றன. 2024ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், கதிரவன் இருக்கும் திசையில், அது தன் இடத்தை அடைந்தது. கதிரவனுக்கு அருகே செல்லும் பொருள் பூமியைவிட விரைந்து சுற்ற வேண்டும் அன்றோ? ஆனால் அவ்விடத்தில் பூமி பின்னிருந்து இழுப்பதால், கதிரவனின் ஈர்ப்பு சிறிது குறைந்ததுபோல் ஆகிறது. கலம் பூமியோடு ஒத்து நடக்கிறது. கணித மேதை லக்ராஞ்சின் பெயரால் வழங்கும் அப்புள்ளியைச் சுற்றி வருவதால், கதிரவனை இடையறாது நோக்க இயலுகிறது.

இதனால் நமக்கு என்ன பயன்? கதிரவனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியசு வெப்பமுடையது; மகுடமோ பத்து லட்சம் பாகைக்கும் மேல். மகுடத்திலிருந்து சில வேளைகளில் மின்னேற்றம் பெற்ற வாயுத் திரள்கள் காந்தப் புலத்தோடு வெடித்துக் கிளம்புகின்றன. 1989ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அத்தகைய புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தியது. தூத்தூரிலும் சின்னத்துறையிலும் இருந்து ஆழ்கடல் செல்லும் நம் மீனவர், செயற்கைக்கோள் துணைகொண்டு வழி அறிகின்றனர். அந்தக் கருவிகளும் இப்புயல்களால் பிழைபடக் கூடும்.

புயலின் தீங்கு, அது சுமந்துவரும் காந்தப் புலத்தின் திசையைப் பொறுத்தது. தெற்கு நோக்கியிருந்தால் பூமியின் காந்தக் கவசம் எளிதில் நெகிழும். அத்திசையைத் தொலைவிலிருந்து உறுதியாக அறிய முடிவதில்லை. புயல் கலத்தைக் கடக்கும்போதே அளக்கலாம். நொடிக்கு 500 கிலோமீட்டர் விரைவில் வரும் புயல் அங்கிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் கடக்க 3,000 நொடி, அதாவது 50 நிமிடம் ஆகும். அந்த 50 நிமிடமே நமக்குக் கிடைக்கும் உறுதியான எச்சரிக்கை. அது கிளம்பும்போதே மகுடத்தில் அதன் குணத்தைப் படிக்கக் கற்றால், ஒரு நாளுக்கு முன்னரே அறியலாம். அக்கலை இன்னும் கைவரவில்லை, உங்களுக்காகக் காத்திருக்கிறது.

மாணவர்களே, கதிரவனை வெறுங்கண்ணால் ஒருபோதும் நோக்காதீர்கள். ஆனால் வினா எழுந்தால், பிறர் நகைப்பார்களே என்று அடக்கிவிடாதீர்கள். என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்: பிள்ளையின் வினாவுக்கு விடை தெரியாவிடில், தெரியாது என்று சொல்லித் தேடுவோம். அன்று கடற்கரையில் நான் செய்யத் தவறியது அதுவே.