ஒரு சதவீதக்காரரின் வழக்கு

2010-ல் கோல் இந்தியா பங்குகள் 245 ரூபாய்க்கு வந்தபோது, நம் புனே அன்பர்களில் சிலரும் விண்ணப்பித்திருப்பார்கள். அந்தக் கம்பெனியில் சுமார் ஒரு சதவீதம் வைத்திருந்தது லண்டனின் டி.சி.ஐ. நிதியம். 2003-ல் அதைத் தொடங்கிய கிறிஸ்டோபர் ஹோன், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கார் மெக்கானிக்கின் மகன். பங்கு வாங்கிவிட்டுச் சும்மா இருப்பவரல்ல. 2008-ல் அமெரிக்காவின் சி.எஸ்.எக்ஸ். ரயில்வேயோடு மோதி, அதன் இயக்குநர் குழுவிலேயே இடம் பிடித்தார் (ரயில்வேக்காரனான எனக்கு இதில் தனி ருசி!).

அரசின் சொல்கேட்டு நிலக்கரியைச் சந்தை விலைக்குக் குறைவாக விற்பது மற்றப் பங்குதாரர்களுக்கு நஷ்டம் என்று 2012-ல் அவரது நிதியம் கோர்ட்டுக்குப் போனது. கேள்வி நியாயமானதே. ஆனால் 90 சதவீதப் பங்கு அன்று அரசிடம். நிலக்கரி விலை ஏறினால் மின்கட்டணமும் ஏறும். அதைக் கட்டுவதும் நாம்தானே! 2014-ல் நிதியம் பங்குகளை விற்று வெளியேறியது.