ஏர் ஃபில்டரை மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

உத்திரமேரூர் வட்டாரத்தில் மதூர், பழவேரி, திருமுக்கூடல் பக்கம் கார் ஓட்டுகிறவர்களிடம் குவாரித் தூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி போனால் கண்ணாடியை ஏற்றிவிடுகிறோம். இன்ஜினுக்கு அந்த வசதி கிடையாது. அதே காற்றைத்தான் அது இழுத்தாக வேண்டும். தூசிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் நிற்பது ஏர் ஃபில்டர் ஒன்றுதான்.

அந்த ஃபில்டரை வைத்துத்தான் இப்போது இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. “ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் போதும், கழுவிக் கழுவிப் போட்டுக்கலாம், பிக்கப் கூடும், மைலேஜும் கூடும்” என்று சொல்லி, எண்ணெய் தடவிய பருத்தி வலை ஃபில்டரை விற்கிறார்கள். பிறகு இன்ஜின் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால், “வெளி ஃபில்டர் போட்டிருக்கீங்க சார், வாரண்டி போச்சு” என்கிறார்கள். இரண்டிலும் பாதிதான் உண்மை.

எண்ணெய் ஃபில்டரில் என்ன சிக்கல்?

கம்பெனி ஃபில்டர் மடிப்பு மடிப்பான காகிதத்தால் ஆனது. விலை பெரும்பாலும் சில நூறு ரூபாய். அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். மறுபடியும் பயன்படும் ஃபில்டரில் காகிதத்துக்குப் பதில் பருத்தி வலை இருக்கும். 1969இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனம் இந்த வகையில் பெயர் பெற்றது. வலையின் இடைவெளி பெரிது என்பதால் காற்று சுலபமாக நுழையும். தூசியைப் பிடித்து நிறுத்துவது அதில் தடவிய பிசுபிசுப்பான எண்ணெய். விலை ஆயிரக்கணக்கில்.

எண்ணெயால் தூசி பிடிப்பது நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. பழைய டிராக்டர்களில் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிய ஆயில் பாத் ஏர் கிளீனர்தான் இருந்தது. ‘டிராக்டருக்கு ஒத்துவந்தது காருக்கு ஒத்துவராதா?’ என்று கேட்கத் தோன்றும். அந்த டிராக்டரில் இல்லாத ஒன்று இன்றைய பல கார்களில் இருக்கிறது: ஃபில்டருக்கு அடுத்தாற்போல் காற்றின் அளவைக் கணக்கிடும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார். சூடேற்றிய மெல்லிய உறுப்பு ஒன்று அதில் இருக்கிறது. கடந்துபோகும் காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து, எவ்வளவு எரிபொருள் விடலாம் என்று கணினி முடிவு செய்கிறது. ஃபில்டரைக் கழுவியபின் எண்ணெயை அளவுக்கு மீறித் தெளித்தால், அது காற்றோடு போய் அந்த உறுப்பில் படியலாம். கணக்கு தப்பும், பிக்கப் குறையும், டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும். காற்றழுத்தத்தை மட்டும் அளக்கும் சென்சார் உள்ள கார்களும் உண்டு. அவற்றில் இந்த ஆபத்து குறைவு.

எண்ணெய் குறைந்தால் கதை வேறு. வலை வழியே கல்தூள் உள்ளே போகும். ஜல்லித் தூளில் உள்ள சிலிக்கா இரும்பையே தேய்க்கும். சிலிண்டர் சுவரும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்தால் ஆயில் குடிக்கத் தொடங்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும் டர்போவின் இறக்கைகளும் அரிபடும். ஆக, தூசி நிறைந்த சாலையில் இந்த ஃபில்டரை அடிக்கடி கழுவ வேண்டும். சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக, மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கம்ப்ரஸர் காற்று அடிக்காமல் தானாகக் காயவிட வேண்டும். பிறகு அளவாக எண்ணெய் தடவ வேண்டும். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் பம்ப்பால் அடித்து, வெயிலில் அரைகுறையாகக் காயவைத்து மாட்டினால் பணம் கொடுத்துத் தொல்லையை வாங்கியது போலத்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஃபில்டரைக் கழற்றி, அதற்கு அப்பால் இன்ஜின் பக்கம் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மாவு போல் தூசி ஒட்டினால் ஃபில்டர் சரியாக வடிகட்டவில்லை, அல்லது விளிம்பு சரியாகப் படியவில்லை. ஃபில்டருக்கு அருகில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் தடவியது அதிகம்.

வாரண்டி பற்றிச் சட்டம் சொல்வது என்ன?

வாரண்டி புத்தகத்தைப் பிரித்தால், நிறுவனம் அங்கீகரிக்காத பாகத்தால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்ற பொருளில் ஒரு வரி பொதுவாக இருக்கும். கவனிக்க வேண்டியது ‘பாகத்தால் வரும் பழுது’ என்பதை. எண்ணெய் படிந்து சென்சார் கெட்டால் அந்தச் செலவு உங்களுடையது. பவர் விண்டோ மோட்டாரோ ஏ.சி.யோ கெட்டதற்கும் ஏர் ஃபில்டருக்கும் சம்பந்தமே இல்லை.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் சட்டம், இன்ன கம்பெனி பாகத்தைப் போட்டால்தான் வாரண்டி என்று நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. இந்தியாவில் அப்படி நேரடியான சட்டம் இல்லை. ஆனால் நமக்குத் துணையாக ஒரு தீர்ப்பு இருக்கிறது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்வதாக எழுந்த புகாரில், 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டு ஜூலையில், நம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய்க்கும் 420 கோடி ரூபாய் அபராதம் வந்தது. வழக்குகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்களின் அபராதத்தைக் குறைத்தாலும், தவறு நடந்தது என்ற முடிவை மாற்றவில்லை.

வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்த்ததற்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. அங்கே நடந்த தவறான வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால், அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்று 2014 தீர்ப்பு சொன்னது. அது வெளி மெக்கானிக்கின் வேலையைப் பற்றியது. வெளிப்பாகத்தைப் பற்றி நேராகப் பேசவில்லை. ஆனாலும் அதே நியாயத்தை நீங்கள் எடுத்து வைத்து வாதாடலாம்.

மறுத்தால் என்ன செய்வது?

1. “வாரண்டி போச்சு” என்ற வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். எந்தப் பழுது, அதற்கு ஃபில்டர் எப்படிக் காரணம், எந்த நிபந்தனைப்படி மறுப்பு என்று ஜாப் கார்டிலோ மின்னஞ்சலிலோ எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்கி, படம் எடுத்து வையுங்கள்.

2. டீலர் மசியவில்லை என்றால், கார் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள்.

3. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயலும்.

4. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். பிழைப்புக்காகச் சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான்.

குறைபாட்டை நிரூபிக்கும் முதல் பொறுப்பு புகார் கொடுப்பவருடையது. தேவைப்பட்டால் பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஃபில்டர் வாங்கிய பில், சர்வீஸ் பில்கள், கழுவிய தேதிகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். சர்வீஸுக்குப் போகும்முன் பழைய ஃபில்டரை மாட்டிவிட்டு மறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எண்ணெய்த் தடம் காட்டிக்கொடுத்தால், உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ஃபில்டரே போலியாக இருந்தால் விற்ற கடைக்காரர் மீதும் புகார் கொடுக்கலாம். அதற்கும் பில் வேண்டும்.

குவாரிச் சாலையில் ஓடும் காருக்கு, வாரண்டி முடியும்வரை கம்பெனி காகித ஃபில்டரே போதும். தூசியான இடத்தில் ஓட்டினால் அதைச் சீக்கிரமே பார்த்து மாற்ற வேண்டும் என்று கார் புத்தகங்களே சொல்கின்றன. எண்ணெய் ஃபில்டரை ஏற்கனவே மாட்டிவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். வாரண்டி இல்லை என்று சொல்பவரிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.