எலியின் தோலடியில் ஓர் இன்சுலின் ஊற்று

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களிலிருந்து உருவாகும் கட்டிக்கு இன்சுலினோமா என்று பெயர். மனிதரிடம் இது மிக அரிது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்கே வருகிறது. 1927-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை இதை முதலில் விவரித்தது. 1929-இல் டொரண்டோவில் ரோஸ்கோ கிரகாம் கட்டியை அகற்றி நோயைக் குணப்படுத்தினார். ஆனால் இத்தனை அரிய நோயை நோயாளிகளிடம் மட்டுமே ஆராய்ந்து அதிகம் தெரிந்துகொள்ள முடியாது.

எக்ஸ்-கதிர் பாய்ச்சப்பட்ட ஓர் எலியின் கணையத்தில் தோன்றிய கட்டியை அதே வம்ச எலிகளில் ஒட்டி வளர்க்கலாம் என்று பாஸ்டனின் வில்லியம் சிக் குழுவினர் 1977-இல் அறிவித்தனர். நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே பெருக்கிய எலிகள் ஆதலால், ஒன்றின் திசுவை மற்றொன்றின் உடல் தள்ளிவிடுவதில்லை.

தோலடியில் வைத்த துண்டு சில வாரங்களில் பெருக்கிறது. இரத்தச் சர்க்கரை இறங்கினால் நல்ல கணையம் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். கட்டிக்கு அந்த அடக்கம் கிடையாது. சர்க்கரை சரிய, பசி மிகுந்து எலி ஓயாமல் தின்கிறது, எடை கூடுகிறது. ஒரு கட்டத்தில் எவ்வளவு தின்றும் போதாமல் வலிப்பும் மயக்கமும் வந்து சாகிறது.

இதைவிடச் சுவையானது எலியின் சொந்தக் கணையத்துக்கு நேர்வது. கட்டியே இன்சுலினைக் கொட்டுவதால் அதற்கு வேலையில்லாமல் போகிறது. பீட்டா செல்கள் சுருங்கி, இன்சுலின் இருப்பு வற்றுகிறது. கட்டியை அறுத்தெடுத்ததும் சர்க்கரை விர்ரென ஏறி, எலி சில நாள் இனிப்புநீர் நோயாளியாகவே இருக்கிறது. செல்கள் மீண்டும் சுரக்கத் தொடங்கிய பிறகே அளவு சீராகிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மனிதரிடமும் இந்தத் தற்காலிக ஏற்றம் காணப்படுவதுண்டு. எலியின் கட்டியிலிருந்து பிரித்து வளர்த்த செல் வகைகளில் ஒன்றான ஐ.என்.எஸ்-1, 1992-இல் ஜெனீவாவில் உருவானது. இன்சுலின் சுரப்பு ஆய்வுகளில் அது இன்றும் பயன்படுகிறது.

மலேசியாவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் இன்சுலினோமா என்ற பெயரைக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் அந்த எலிகளுக்கு நேர்ந்த சர்க்கரைச் சரிவு அங்கே பலருக்கும் பழக்கமானதே. 2019-இன் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இன்சுலின் ஊசி போட்டோ கிளிக்லசைடு மாத்திரை விழுங்கியோ, பசியாறாமல் வேலைக்குப் போனால், சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, கைநடுக்கம், தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். நினைவு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 999-ஐ அழைக்க வேண்டும்.