இருபது பிராங்குக்கு ஒரு பங்கு



அல்ஜீரியா என்றதும் அமீர் அப்துல் காதிரின் வீரமும், 1954 முதல் 1962 வரை நடைபெற்ற விடுதலைப் போரின் உயிர்த்தியாகங்களும் நம் நினைவுக்கு வரும். ஆயினும் அந்நாட்டு முஸ்லிம்களின் நிலத்தில் பெரும் பகுதி, துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு கச்சேரிகளிலும் நீதிமன்ற ஏலங்களிலும் கைமாறியது. அந்தக் கதை நம்மவர்களுக்கு அதிகம் தெரியாது.

1830 ஜூலை 5ஆம் நாள் அல்ஜியர்ஸ் நகரம் பிரெஞ்சுப் படையிடம் சரணடைந்தது. ஆட்சியாளர் தேய் ஹுஸைனுடன் செய்துகொண்ட உடன்படிக்கையில், மக்களின் மார்க்கத்திற்கும் சொத்துக்கும் வாணிபத்திற்கும் ஊறு நேராது என்று பிரெஞ்சுத் தளபதி கையொப்பமிட்டுத் தந்தார். செப்டம்பர் 8ஆம் நாளே, தேய்க்கும் நாட்டைவிட்டு வெளியேறிய துருக்கியருக்கும் உரிய சொத்துகளோடு, மக்கா மதீனாவுக்கென வக்ஃபு செய்யப்பட்ட சொத்துகளும் அரசுக்குச் சேரும் என்று ஆணை பிறந்தது. கையொப்பத்தின் மை உலர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது!

அந்நாளில் வக்ஃபு வருமானத்தைக் கொண்டுதான் அங்கே பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் நடந்தன. ஏழைகளுக்கு உதவியும் அதிலிருந்தே கிடைத்தது. வருமானம் நின்றதும் உஸ்தாதுமார் கலைந்தனர், பாடசாலைகள் மூடிக்கொண்டன. 1847இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்திற்கு அறிக்கை அளித்த தோக்வில் என்ற அறிஞரே, நாம் வருமுன் இருந்ததைவிட முஸ்லிம் சமுதாயத்தை அதிக அறியாமையில் தள்ளிவிட்டோம் என்ற கருத்தை ஒளிக்காமல் எழுதினார். அவர் குடியேற்ற ஆட்சியை எதிர்த்தவரல்லர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து வந்தவை சட்டங்கள். வக்ஃபுச் சொத்தை விற்கலாகாது என்பது ஷரீஅத். அதைக் காரணமாகக் காட்டி ஐரோப்பியர் வாங்கிய நிலத்தை மீட்க இயலாது என்று 1844ஆம் ஆண்டு ஆணை கூறியது. 1846ஆம் ஆண்டு ஆணை இன்னும் ஒரு படி மேலே சென்றது. குறிப்பிட்ட பகுதிகளில் பயிரிடப்படாத நிலத்திற்கு உரிமை கோருபவர், 1830 ஜூலைக்கு முந்தைய பத்திரத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிடில் அது உடைமையாளரற்ற நிலமாகி அரசைச் சேரும்.

வானம் பார்த்த பூமியில் உழுபவருக்கு ஒன்று தெரியும். ஓராண்டு விதைத்த நிலத்தை மறு ஆண்டு தரிசாக விட வேண்டும். அந்தத் தரிசில்தான் ஆடுகள் மேயும். அல்ஜீரிய உழவர் அப்படித்தான் செய்தனர். அந்த ஓய்வு நிலமே பிரெஞ்சு அதிகாரியின் கண்ணுக்கு 'யாருக்கும் உரிமையில்லாத வெற்று நிலம்' ஆகிவிட்டது. தலைமுறை தலைமுறையாக இன்னார் நிலம் என்று ஊரே அறிந்திருந்தும் பயனில்லை. ஊரார் சாட்சியம் பத்திரமாகாதே!

அரசு இவ்வாறு சேர்த்த நிலத்தை யாருக்குக் கொடுத்தது? 1853இல் ஸத்தீஃப் நகரை ஒட்டி 20,000 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 50,000 ஏக்கர், ஜெனீவாவைச் சேர்ந்த ஒரு கம்பெனிக்கு அளிக்கப்பட்டது. ஐரோப்பிய உழவர்களைக் குடியேற்றுவதாகச் சொல்லித்தான் கம்பெனி அதைப் பெற்றது. வந்து தங்கியவர் சிலரே. ஆகவே கம்பெனி அந்நிலத்தை அல்ஜீரிய உழவர்களுக்கே குத்தகைக்கு விட்டுப் பணம் சேர்த்தது. தம் மண்ணில் தாமே குத்தகைதாரராய் நின்றவர் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

காடுகளின் கதையும் இதுவே. 1851ஆம் ஆண்டுச் சட்டம் காடுகளை அரசுடைமை என்றது. மலைவாழ் மக்களுக்குக் காடு என்பது ஆடு மேயும் இடம். விறகும் கரியும் கிடைக்கும் இடம். பிரான்ஸ் நாட்டுக்கென்று 1827இல் எழுதிய வனச்சட்டத்தை அவர்கள்மீது செலுத்தியதும், முந்தைய நாள்வரை உரிமையாக இருந்தது குற்றமாயிற்று. தக்கை தரும் ஓக் மரக் காடுகள் ஐரோப்பிய முதலாளிகளுக்குக் குத்தகையாகத் தரப்பட்டுப் பின்னர் பெரும்பாலும் அவர்களுக்கே சொந்தமாக்கப்பட்டன. காட்டில் தீப்பிடித்தால்? 1874ஆம் ஆண்டுச் சட்டப்படி சுற்றியுள்ள குலத்தார் அனைவர்மீதும் கூட்டாக அபராதம் விதிக்கலாம்; எரிந்த இடத்தில் குறைந்தது ஆறு ஆண்டுகள் ஆடு மேய்க்கலாகாது. தீ வைத்தவர் யார் என்று கண்டறிய வேண்டிய தொல்லையே இல்லை.

1871இல் முக்ரானியும் ரஹ்மானிய்யா தரீக்காவின் ஷெய்கு அல்ஹத்தாதும் தலைமையேற்ற எழுச்சி அடக்கப்பட்டபோது, 3 கோடியே 60 இலட்சம் பிராங்கு தண்டமும், ஏறத்தாழ 4,50,000 ஹெக்டேர் நிலப் பறிமுதலும் விதிக்கப்பட்டன. இது வெளிப்படையான பறிப்பு. இரண்டே ஆண்டுகளில், 1873இல் வந்த வார்னியே சட்டமோ ஓசையின்றி வேலை செய்தது.

இந்த இடத்தில் மதரஸாப் பாடம் ஒன்றை நினைவூட்ட வேண்டியுள்ளது. ஃபராயிள் கணக்கில் 'முனாஸகா' என்று ஒரு பகுதி உண்டு. ஒருவர் மௌத்தாகி, அவர் சொத்தைப் பிரிக்குமுன் வாரிசுகளில் ஒருவரும் மௌத்தாகி, அவருடைய வாரிசுகளும் உள்ளே வந்துவிட்டால் பங்கு எவ்வாறு அமையும் என்பது கணக்கு. மூன்று மௌத்துகளுக்குள் பின்னம் ஆயிரத்தைத் தாண்டிவிடும். என் மாணவர்கள் மிகவும் சலித்துக்கொள்ளும் பாடம் அதுதான். அல்ஜீரியக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக நிலத்தைப் பிரிக்காமலேயே ஒன்றாக உழுதுண்டு வாழ்ந்தன. காகிதத்தில் நூற்றுக்கணக்கான பங்குகள் இருந்தாலும், வயலில் ஒரே ஏர்தான் ஓடியது. பங்காளி ஒருவர் தம் பங்கை அந்நியருக்கு விற்றால், அதே விலைக்கு மற்றவர் மீட்டுக்கொள்ளும் ஷுஃப்ஆ உரிமை அவர்களுக்கு வேலியாக இருந்தது.

வார்னியே சட்டம் நிலத்தைப் பிரெஞ்சு உரிமைச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்து ஷுஃப்ஆ உரிமையையும் மிகவும் சுருக்கியது. பிரெஞ்சுச் சட்டப்படி கூட்டுச் சொத்தில் மிகச் சிறிய பங்குடையவரும் பிரிவினை கேட்கலாம். பிரிக்க இயலாவிடில் முழு நிலமும் ஏலத்துக்கு வரும். வழக்குச் செலவு நிலத்தின்மீதே விழும்.

மொஸ்தகானம் நகரின் அருகில் 1885இல் நடந்ததாகப் பதிவான ஒரு வழக்கைக் கேளுங்கள். 292 ஹெக்டேர் நிலத்திற்கு 513 பேர் கூட்டு உடைமையாளர். வழக்கறிஞரின் குமாஸ்தா ஒருவர் அதில் ஒரு பங்கை 20 பிராங்குக்கு வாங்கினார். வாங்கிய கையோடு பிரிவினை வழக்குத் தொடுத்தார். 513 பேருக்கும் நோட்டீஸ், நகல், முத்திரை என்று செலவு 11,000 பிராங்குக்கு ஏறியது. முடிவில் அத்தனை நிலமும் 80 பிராங்குக்கு ஏலம் போயிற்று.

20 பிராங்குக்குப் பங்கை விற்றவரைப்பற்றி நான் பலமுறை எண்ணியதுண்டு. வறுமையோ, பங்காளிகள்மீது மனத்தாங்கலோ, என்னவென்று அறியோம். தம் கையெழுத்து 512 பேரின் அடுப்பை அணைக்கும் என்று அவர் கனவிலும் கருதியிருக்கமாட்டார். நம் வீடுகளிலும் 'வாப்பா மௌத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பிரிக்காமல் கிடக்கும் சொத்துகள் எத்தனை! சகோதரிகளின் பங்கைப் பேச்சளவில் நிறுத்திவைத்திருப்போர் எத்தனை பேர்!

இவ்வாறு போன நிலத்தில் பிற்காலத்தில் விளைந்தது என்ன தெரியுமா? திராட்சை, அதுவும் மது வடிப்பதற்காக. 1930களில் ஏறத்தாழ 4 இலட்சம் ஹெக்டேரில் திராட்சைத் தோட்டம் பரந்திருந்தது. கோதுமையும் வாற்கோதுமையும் உண்டு வாழ்ந்தோரின் பேரர்கள் அத்தோட்டங்களில் கூலிக்குக் குலை கொய்தனர்.

நம் நாட்டிலும் வக்ஃபின்மீது சட்டம் கைவைத்த காலம் உண்டு. 1894இல் லண்டன் பிரிவி கவுன்சில், சந்ததியினர் நலனுக்காகச் செய்த ஒரு குடும்ப வக்ஃபைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. முஸ்லிம்கள் ஓயாமல் முறையிட்டதன் பின்னர், ஜின்னா கொண்டுவந்த மசோதா 1913இல் சட்டமாகி அவ்வகை வக்ஃபுகளுக்கு ஏற்பு அளித்தது. அல்ஜீரியருக்கு அவ்வாறு முறையிடச் சட்டமன்றத்தில் குரல் இருக்கவில்லை.

விடுதலை பெற்ற அல்ஜீரியா 1991இல் வக்ஃபுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. காணாமற்போன வக்ஃபுச் சொத்துகளைத் தேடத் தொடங்கியபோது, பத்திரம் எங்கே என்ற பழைய கேள்வியே மீண்டும் எழுந்தது. 2000 அக்டோபரில் அரசு ஓர் ஆணை வெளியிட்டது. இன்ன நிலம் வக்ஃபு என்று அறிந்தவர்கள் அளிக்கும் சாட்சியத்தை எழுத்தில் பதிந்து, அதையும் ஆதாரமாக ஏற்கலாம் என்பதே அந்த ஆணை. ஆனால் 1830க்கு முன் அந்நிலங்களைக் கண்ணால் கண்ட ஒருவரும் அதற்குள் மிஞ்சியிருக்கவில்லை.