மோட்டார் கருகுவது மின்வாரியத்தின் லோ வோல்டேஜால் மட்டுமல்ல

போர் மோட்டாரின் காயில் கருகினால் உடனே மின்வாரியத்தின் லோ வோல்டேஜைக் குறை சொல்கிறோம். பல இடங்களில் அந்தக் குறைவு மீட்டருக்கு இந்தப் பக்கம், நம் ஒயரிலேயே உண்டாகிறது. தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளி போன்ற வறண்ட வட்டாரத்தில் போர் நூற்றுக்கணக்கான அடி இறங்குகிறது. மீட்டரிலிருந்து போர் வரை உள்ள தூரம் வேறு. 10 ஆம்பியர் இழுக்கும் சிங்கிள் பேஸ் மோட்டார், ஆழத்தையும் சேர்த்து 100 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப 200 மீட்டர் செம்பைக் கடக்க வேண்டும். ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் சுமார் 24 வோல்ட் வழியிலேயே போய்விடும். நாலு ஸ்கொயரில் 9 வோல்ட்தான். 230 வோல்ட் 206 ஆகும்போது மோட்டாரின் சுழற்று விசையில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. கிளம்பும் நொடியில் கரண்ட் பல மடங்காவதால் இழப்பும் அப்படியே பெருகும். திணறும் மோட்டார் சூடேறிக் கருகுகிறது.

எம்.சி.பி. இருக்கிறதே என்பார்கள். அது ஒயரைத்தான் காக்கும், வோல்டேஜைப் பார்க்காது. அடிக்கடி விழுகிறதென்று 32 ஆம்பியர் எம்.சி.பி.யை ஒன்றரை ஸ்கொயர் ஒயரில் மாட்டுவது இன்னும் ஆபத்து: பி.வி.சி. உறை உருகும்வரை அது விழாமலே இருக்கலாம். தடித்த ஒயருக்கு விலை அதிகம், விவசாய மின்சாரம் இலவசம்தானே, வழியில் வீணானால் நமக்கென்ன என்ற கேள்வியும் வரும். வீணாகும் மின்சாரத்துக்கு விவசாயியிடம் பில் வராது, உண்மைதான். ஆனால் ஆழத்திலிருந்து பைப்பைத் தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்கும் செலவும், அதுவரை வாடும் பயிரும் அவருடையவை.

சரியான அளவைக் கேட்டும் ஏமாறலாம். அளவை எழுதிவிட்டுச் செம்பைக் குறைத்த ஒயர்களும் விற்பனைக்கு வருகின்றன. பி.வி.சி. உறையிட்ட ஒயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கிய ஆணை 2003-இலேயே வந்துவிட்டது. முத்திரையோடு உள்ள சி.எம்./எல். என்ற உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். ஒயரிங் வேலையை உரிமம் பெற்றவரிடமே கொடுங்கள். ஒயர் போலி என்று தெரிந்தால் 1915-க்கு அழைக்கலாம். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. சொந்தப் பிழைப்புக்காக வாங்கும் விவசாயியும் 2019 சட்டப்படி நுகர்வோரே. வழக்குக்குச் சான்று வேண்டும்: கம்பெனி, அளவு, மீட்டர் மூன்றும் எழுதிய பில்லையும், எழுத்து தெரியும்படி வெட்டிய ஒரு முழம் ஒயரையும் பத்திரமாக வையுங்கள்.